பதினான்கில் நான்கு
(தோல்வியால் நமக்கு உரியதாகிய ஓர் ஆட்டக்குழுவின் வரலாறு)

ஒரு நகரத்தின் வரலாறு என்றால் அதனை ஆண்டவர், கட்டிய கோட்டை, வெட்டிய ஏரி ஆகியவற்றைச் சொல்லி முடிப்பது வழக்கம். விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோரும் வென்ற கோப்பைகளையே வரிசைப்படுத்துவர். இம்மலருக்கு யான் எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு மாறானது. 2008-ஆம் ஆண்டில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் என்னும் கிரிக்கெட் குழு 14 ஆட்டங்கள் ஆடி 4-இல் வென்று 10-இல் தோற்றது. அத்தோல்வி எவ்வாறு நேர்ந்தது, அதன்பின் என்ன ஆயிற்று, இந்நகரில் குடியேறி வாழும் நமக்கு அதில் என்ன உறவு என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டுச் செய்திக்குச் சங்க மலரில் இடம் உண்டோ என்று பெரியோர் சிலர் வினவலாம். நம் பிள்ளைகள் எந்த ஊரைத் தம் ஊர் என்று கருதி வளர்கின்றனர் என்பது சங்கத்திற்குரிய வினாவே. அவ்வினாவிற்கு விடை சில வேளைகளில் மேடையில் கிடைப்பதில்லை, ஆடுகளத்தில் கிடைக்கிறது.

மைதானமும் மரபும்

விவேக் நகரிலிருந்து நெடுந்தொலைவு இல்லாத இடத்தில், கப்பன் பூங்காவை அடுத்து, சின்னசாமி விளையாட்டரங்கம் அமைந்துள்ளது. அங்கு முதல் டெஸ்ட் பந்தயம் 1974-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நடைபெற்றது. மேற்கிந்தியத் தீவினரிடம் இந்தியா 267 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்றது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விவியன் ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் முதன்முதலாக டெஸ்ட் பந்தயத்தில் இறங்கியது அங்கேதான். ஆகவே அம்மைதானத்தின் டெஸ்ட் வரலாறே ஒரு தோல்வியில் தொடங்கியது என்க.

ஆயினும் அதே 1974-இல் கர்நாடகத்தார்க்கு ஒரு பெருமகிழ்ச்சியும் வாய்த்தது. பதினைந்து ஆண்டுகள் இடைவிடாது ரஞ்சிக் கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்த பம்பாய்க் குழுவை அரையிறுதியில் விலக்கி, கர்நாடகம் முதன்முறையாக அக்கோப்பையைக் கைக்கொண்டது. பிரசன்னா, சந்திரசேகர், விசுவநாத் ஆகியோர் அந்நாளைய வீரர். அவர்கள் இம்மண்ணில் ஆடி வளர்ந்து, இம்மாநிலத்தின் பெயரால் களம் இறங்கியவர்கள். அவர்கள்மீது மக்கள் கொண்ட பற்று விலை கொடுத்து வாங்கியதன்று.

2008-இல் தொடங்கிய இந்தியன் பிரீமியர் லீக் முற்றிலும் வேறு வகையானது. நகரங்களின் பெயரால் எட்டுக் குழுக்கள் அமைந்தன. அவற்றைச் செல்வர்களும் நிறுவனங்களும் விலை கொடுத்து வாங்கினர். ஆட்டக்காரர்கள் பொது ஏலத்தில் எடுக்கப்பட்டனர். ஓர் ஊருக்கு ஆடுவோர் அவ்வூராராக இருத்தல் வேண்டும் என்னும் பழைய கணக்கு அன்றோடு மாறிற்று.

ஏலத்தில் கிடைத்த பெரியோர்

பெங்களூர்க் குழுவை வாங்கியவர் மதுத் தொழிலதிபரான விஜய் மல்லையா. அவர் கொடுத்த விலை 11 கோடியே 16 இலட்சம் அமெரிக்க டாலர். எட்டுக் குழுக்களில் இதனினும் மிகுந்த விலைக்குச் சென்றது மும்பை ஒன்றே. ராஜஸ்தான் குழு 6 கோடியே 70 இலட்சம் டாலருக்குச் சென்றது; அதுவே யாவற்றினும் குறைந்த விலை. அக்குழுதான் அவ்வாண்டு கோப்பையை வென்றது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஏலம் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் மும்பையில் நடைபெற்றது. ராகுல் திராவிட் இந்நகரின் அடையாள வீரராக ஏலத்திற்குப் புறம்பே வைக்கப்பெற்றார். தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸ் 9 இலட்சம் டாலருக்கும், நம் நகரத்து அனில் கும்ப்ளே 5 இலட்சம் டாலருக்கும், ஜாகீர் கானும் மார்க் பவுச்சரும் தனித்தனியே நான்கரை இலட்சம் டாலருக்கும் வந்து சேர்ந்தனர். டேல் ஸ்டெயின், சந்தர்பால், வாசிம் ஜாபர் ஆகியோரும் குழுவில் இடம் பெற்றனர். பெயர்ப்பட்டியலைக் கண்டோர் எல்லாம் இஃது ஒரு டெஸ்ட் குழுவன்றோ என்று வியந்தனர்; சிலர் நகைத்தனர். கும்ப்ளே 1999-இல் தில்லியில் பாகிஸ்தானின் ஓர் ஆட்டப்பகுதியில் பத்து விக்கெட்டுகளையும் தாமே வீழ்த்தியவர். திராவிட் நாள் முழுதும் நின்று ஆடி இந்தியாவைப் பன்முறை காத்தவர்.

இப்பெரியோர் நடுவே தில்லியைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவ்வாண்டு மார்ச்சு 2-ஆம் நாள் கோலாலம்பூரில் பத்தொன்பது வயதிற்குட்பட்டோர்க்கான உலகக் கோப்பையை வென்ற இந்தியக் குழுவின் தலைவர் அவர். இளையோர்க்கென வகுக்கப்பட்ட 30,000 டாலர் ஊதியத்தில் பெங்களூருக்கு வந்தார். அவர் பெயர் விராட் கோலி.

முதல் இரவு

ஏப்ரல் 18-ஆம் நாள் மாலை, போட்டித் தொடரின் முதல் ஆட்டமே நம் சின்னசாமி அரங்கில் நடந்தது. எதிர்த்து ஆடியது கல்கத்தாக் குழு. நாணயச் சுண்டலில் வென்ற திராவிட், எதிரியை முதலில் ஆடுமாறு பணித்தார். நியூசிலாந்தின் பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் 158 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காது நின்றார். அவற்றுள் 13 அடிகள் எல்லைக்கோட்டைப் பறந்து கடந்த ஆறு ஓட்ட அடிகள். கல்கத்தாவின் மொத்தம் 3 விக்கெட்டுகளுக்கு 222.

பின்னர் ஆடிய பெங்களூர் 82 ஓட்டங்களில் சுருண்டது. தோல்வி 140 ஓட்டங்களால். திராவிட் 2, ஜாபர் 6, கோலி 1, காலிஸ் 8, ஒயிட் 6, பவுச்சர் 7. இரட்டை எண்ணைத் தொட்டவர் பிரவீண் குமார் ஒருவரே. அவர் எடுத்தது 18. உதிரியாகக் கிடைத்த ஓட்டங்கள் 19. அதாவது, மட்டை பிடித்த எவரைக் காட்டிலும் எதிரியின் பிழைகளே பெங்களூருக்கு மிகுதியாக ஓட்டங்களை ஈட்டித் தந்தன!

ஆறு வாரங்கள்

இரண்டு நாள் கழித்து மும்பையில் மும்பைக் குழுவையே வென்றபோது, முதல் இரவு ஒரு தீக்கனவு என்று பலரும் தேறினர். அத்தேற்றம் நிலைக்கவில்லை. ராஜஸ்தானிடம் தோல்வி, சென்னையிடம் 13 ஓட்டங்களால் தோல்வி, தில்லியிடம் 10 ஓட்டங்களால் தோல்வி. மே 3-ஆம் நாள் ஐதராபாத்துக் குழுவை இங்கே 3 ஓட்டங்களால் வென்றனர். அதன்பின் ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து கைநழுவின. அவற்றுள் கல்கத்தாவில் ஆடிய ஆட்டம் 5 ஓட்டங்களால் போயிற்று.

சொந்த மைதானத்தில் ஆடிய ஏழு ஆட்டங்களில் வென்றது ஒன்றே. வெளியூர்களில் மூன்று வெற்றி கிடைத்தது. தம் ஊரார் முன்னிலையில்தான் இவர்கள் மிகவும் தடுமாறினர் என்பதை இவ்வெண்கள் காட்டும்.

தோல்வி வந்த வீட்டில் பூசலும் உடன் வருமன்றோ? மே திங்களின் தொடக்கத்தில் நிர்வாகத் தலைவர் சாரு சர்மா பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. பழைய ஆட்டக்காரர் பிரிஜேஷ் படேல் அப்பொறுப்பை ஏற்றார். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்த முறையைக் குழுவின் உரிமையாளரே வெளிப்படையாகக் குறை கூறினார். இவ்வளவிற்கும் நடுவில் திராவிட் சொல்லாடாது ஆடினார். தொடரின் முடிவில் அக்குழுவில் மிகுதியான ஓட்டங்களை எடுத்திருந்தவர் அவரே, 371 ஓட்டங்கள். பழி சுமந்தவரே பணியையும் மிகுதியாகச் செய்திருந்தார் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

மே 28-ஆம் நாள் கடைசி ஆட்டத்திலும் தோற்று, எட்டுக் குழுக்களுள் ஏழாவதாகப் பெங்களூர் நின்றது. எட்டாவது நின்றது ஐதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ்.

தோல்வியின் காரணம்

திறமை இல்லாமையால் தோற்றனர் என்று கூறுதல் பொருந்தாது. இருபது ஓவர் ஆட்டம் அன்று நம் நாட்டிற்குப் புதிது. இந்தியா தன் முதல் இருபது ஓவர்ப் பன்னாட்டுப் பந்தயத்தை ஆடியதே 2006 டிசம்பரில். 2007-இல் உலகக் கோப்பையைத் தோனியின் தலைமையில் வென்ற இந்தியக் குழுவில் திராவிட், டெண்டுல்கர், கங்குலி ஆகிய மூத்தோர் இடம்பெறாது ஒதுங்கியிருந்தனர்.

ரயில்வேயில் சரக்கு வண்டியை இழுக்கும் எஞ்சினும் உண்டு, விரைவு வண்டியை இழுக்கும் எஞ்சினும் உண்டு. இரண்டும் ஆற்றலிற் குறைந்தவை அல்ல. பற்சக்கரங்களின் அமைப்புத்தான் வேறு. பெருஞ்சுமையை நெடுந்தூரம் இழுத்துச் செல்ல அமைந்த எஞ்சினை விரைவு வண்டியில் பூட்டிவிட்டு, அது ஓடவில்லையே என்று சினந்தால் பிழை எஞ்சினுடையதன்று, பூட்டியவருடையது. பெங்களூரின் நிலை அதுவே. ஐந்து நாள் ஆட்டத்தில் பொறுமையால் பெயர் பெற்றோரை ஒருங்கே சேர்த்து, மூன்றரை மணி நேர விரைவாட்டத்திற்கு அனுப்பினர். ராஜஸ்தானோ ஷேன் வார்னின் தலைமையில், பெயர் அறியாத இளைஞர்களுக்கு இன்ன வேலை இன்னார்க்கு என்று வகுத்துக் கொடுத்து வென்றது.

நம் இல்லங்களில்

இனி நம் பக்கம் வருவோம். அவ்வாண்டு வேனிற்காலம் இந்நகரத் தமிழர்க்கு அமைதியாகத் தொடங்கவில்லை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் பற்றி இரு மாநிலங்களுக்குமிடையே பூசல் எழுந்தது. தமிழக முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி, கர்நாடகத் தேர்தல் முடியும் வரை அத்திட்டத்தை நிறுத்தி வைப்பதாக ஏப்ரல் 5-ஆம் நாள் அறிவித்தார். அதன் பின்னரே பதற்றம் தணிந்தது. 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரியின் பெயரால் நேர்ந்த கலவரத்தை மறவாத பெரியோர், தெருவில் உரக்கத் தமிழ் பேசுவதற்கும் தயங்கிய நாட்கள் அவை. சரியாகப் பதின்மூன்று நாட்களில் கிரிக்கெட் தொடங்கிற்று.

நம் குடியிருப்பின் பல இல்லங்களில் அப்போது இரண்டு கட்சிகள் தோன்றின. தந்தையின் உள்ளம் மஞ்சள் நிறச் சென்னைக் குழுவின்பால் இருந்தது. இங்கே பிறந்து, இங்குள்ள பள்ளியில் கன்னடமும் கற்கும் மகனோ சிவப்பு நிறப் பெங்களூர்க் குழுவையே தன் குழு என்றான். சென்னை வென்றுகொண்டிருந்தது, இறுதியாட்டம் வரை சென்றது. பெங்களூர் தோற்றுக்கொண்டிருந்தது. வெல்லும் பக்கம் சாய்வதற்குப் பிள்ளைகளுக்கு வழியும் இருந்தது, வீட்டில் ஊக்கமும் இருந்தது. ஆயினும் பெரும்பாலோர் சாயவில்லை. மறுநாள் பள்ளியில் கன்னடப் பிள்ளைகளோடும் தெலுங்குப் பிள்ளைகளோடும் உருதுப் பிள்ளைகளோடும் அமர்ந்து, "நாம் மறுபடியும் தோற்றோம்" என்று அவர்கள் சொன்னார்கள். அந்த "நாம்" என்ற சொல்லை எந்தச் சங்கமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

மே 21-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் இரு குழுக்களும் மீண்டும் மோதின. பெங்களூர் எடுத்தது 126 ஓட்டங்களே. அவற்றுள் 47 திராவிடுடையவை. சென்னை எளிதில் வெல்லும் என்றே யாவரும் எண்ணினர். கும்ப்ளே 14 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 3 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சென்னை 112-இல் நின்றது. ஐந்து தொடர் தோல்விகளுக்குப் பின் பெங்களூர் பெற்ற அவ்வெற்றி, அரையிறுதிக்கு வழி திறக்கவில்லை. அவ்வழி முன்னரே அடைபட்டிருந்தது. எனினும் தந்தையர் முகம் வாடப் பிள்ளைகள் துள்ளிய அவ்விரவில், நம் இல்லங்களில் ஒரு வழக்கு ஓசையின்றித் தீர்ந்தது. வந்தேறியவரின் பிள்ளைகள் ஊராராகிவிட்டனர்.

அடுத்த ஆண்டு

உலகத்தின் மறுகோடியிலும் அதே 2008-இல் இத்தகைய ஒரு துன்பம் நேர்ந்தது. அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கால்பந்தாட்டம் ஒன்றுண்டு. மோட்டார்த் தொழிலுக்குப் பெயர் போன டெட்ராய்ட் நகரத்தின் லயன்ஸ் குழு, அவ்வாண்டுப் பருவத்தில் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. பதினாறு ஆட்டங்கள் கொண்ட பருவம் முழுவதும் ஒரு வெற்றியும் இன்றி ஒரு குழு முடிந்தது அதுவே முதல் முறை. இங்கிலாந்துக் கால்பந்தில் கடை இடத்தில் நிற்கும் குழுக்கள் கீழ்ப்பிரிவிற்கு இறக்கப்படும். அமெரிக்காவிலோ கடைசியில் நின்ற குழுவிற்கே அடுத்த ஆண்டின் புதிய ஆட்டக்காரரைத் தேரும் முதல் உரிமை தரப்படும். நம் நாட்டு லீக்கில் இறக்கமும் இல்லை, அச்சலுகையும் இல்லை. தோற்றவர் அடுத்த ஆண்டில் அதே களத்தில் தாமே எழுந்து நிற்றல் வேண்டும்.

பெங்களூர் எழுந்து நின்றது. பொதுத்தேர்தலின் பொருட்டு 2009-ஆம் ஆண்டுப் போட்டிகள் தென்னாப்பிரிக்காவில் நடந்தன. பயிற்சியாளராக ரே ஜென்னிங்ஸ் வந்தார். பீட்டர்சன் விலைக்கு வாங்கப்பட்டார். உத்தப்பா மும்பையிலிருந்து தாயகம் திரும்பினார். ஆயினும் திராவிட், கும்ப்ளே, காலிஸ், பவுச்சர், கோலி ஆகியோர் அங்கேயே இருந்தனர். ஏப்ரல் 18-ஆம் நாள், அதாவது 82 ஓட்டங்களில் சுருண்டதற்குச் சரியாக ஓராண்டு நிறைந்த அன்று, கேப் டவுனில் நடப்பு வாகையரான ராஜஸ்தானை எதிர்த்தனர். திராவிட் 66 ஓட்டங்கள் எடுத்தார். கும்ப்ளே 5 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ராஜஸ்தான் 58 ஓட்டங்களில் அடங்கியது. எள்ளப்பட்ட முதியோர் இருவருமே அவ்வெற்றியை ஈட்டினர்.

அரையிறுதியில் சென்னையையே வென்று, மே 24-ஆம் நாள் ஜொகானஸ்பர்க்கில் இறுதியாட்டத்திற்குள் நுழைந்தனர். எதிரே நின்றது டெக்கான் சார்ஜர்ஸ். முந்தைய ஆண்டில் எட்டாவதும் ஏழாவதும் நின்ற இரு குழுக்களும் இவ்வாண்டில் முதலிடத்திற்குப் போட்டியிட்டன! கும்ப்ளே 16 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தும் பெங்களூர் 6 ஓட்டங்களால் தோற்றது. அத்தோல்விக்காக அழுதவர்கள் உண்டு, வெட்கியவர் இலர். முந்தைய ஆண்டின் தோல்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

பதினெட்டாம் ஆண்டு

பிறகும் கோப்பை எளிதில் வரவில்லை. 2011-இல் சேப்பாக்கத்தில் சென்னையிடமும், 2016-இல் இந்நகரிலேயே ஐதராபாத்திடமும் இறுதியாட்டங்களை இழந்தனர். 2017-இல் கல்கத்தாவில் 49 ஓட்டங்களில் சுருண்டு, அக்குழு மீண்டும் நகைப்பிற்கு ஆளாயிற்று. ஆண்கள் தவறவிட்டதை 2024 மார்ச்சு 17-ஆம் நாள் பெங்களூர் மகளிர் குழு கைக்கொண்டது. முந்தைய ஆண்டில் தம் முதல் ஐந்து ஆட்டங்களையும் இழந்த மகளிர் அவர்கள். 2025 ஜூன் 3-ஆம் நாள் அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ஓட்டங்களால் வென்று ஆண்கள் குழுவும் வாகை சூடியது. 2009-இல் கோப்பையைப் பறித்ததும் ஆறு ஓட்டங்களே. 2025-இல் தந்ததும் ஆறு ஓட்டங்களே. முதல் நாள் ஓர் ஓட்டம் எடுத்த கோலி பதினெட்டு ஆண்டுகளும் இதே குழுவில் நின்றிருந்தார். சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக் அக்குழுவின் மட்டைப் பயிற்சியாளராக விளங்கினார் என்பதும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அம்மகிழ்ச்சி ஒரு பகற்பொழுதும் நிற்கவில்லை. மறுநாள் ஜூன் 4-ஆம் நாள், வெற்றியைக் கொண்டாட அரங்கின் வாயில்களில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 11 உயிர்கள் மடிந்தன. பதினெட்டு ஆண்டுகள் தோல்வியைத் தாங்கப் பழகிய நகரம், வெற்றியைத் தாங்கும் ஏற்பாடு ஒன்றும் செய்து வைத்திருக்கவில்லை. மாண்டோரின் குடும்பங்களுக்கு நம் சங்கத்தின் கண்ணீர் என்றும் உரியது.

அதே 2025-இல் சென்னைக் குழு முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. ஆடிய ஆட்டங்கள் 14, வென்றவை 4. பதினேழு ஆண்டுகளுக்கு முன் பெங்களூர் கண்ட அதே கணக்கு. மஞ்சள் உள்ளம் கொண்ட தந்தையர்க்கு அவ்வாண்டில் ஆறுதல் சொன்னவர்கள், 2008-இல் தோற்கப் பழகிய பிள்ளைகளே.

வென்ற வீட்டின் விருந்திற்கு வழிப்போக்கனும் வந்து அமர்வான். இழந்த வீட்டின் திண்ணையில் இரவு முழுதும் உடனிருப்பவன் உறவினனே. நம் முன்னோர் இந்நகருக்கு வந்தது ஆலைகளிலும் தண்டவாளங்களிலும் பட்டாள முகாம்களிலும் உழைத்துப் பிழைக்க. அவர்கள் தம் உழைப்பால் இவ்வூரில் இடம் பெற்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ இவ்வூரின் தோல்வியைத் தம் தோல்வியாக ஏற்று உரிமை பெற்றனர். தமிழை மறவாமலும் இவ்வூரைப் பிரியாமலும் அவர்கள் வாழ்தல் கூடும் என்பதற்கு அந்தப் பதினான்கில் நான்கே சான்று. அவ்வுரிமையைப் பேணி வளர்ப்பது பெரியோராகிய நம் கடன்.